கிர்காவ் தந்த மவுன ஓவியர் காய்தோண்டே

2013-ஆம் ஆண்டு டிசம்பர் 19-ஆம் தேதி மும்பை தாஜ்மஹால் ஓட்டலில் ஓர் ஏலம் நடந்தது. கிறிஸ்டீஸ் என்னும் பழம்பெரும் ஏலக் கம்பெனி இந்திய மண்ணில் நடத்திய முதல் ஏலம் அது. அதிலே ஓர் ஓவியம் 23 கோடியே 70 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. நவீன இந்திய ஓவியம் ஒன்றுக்கு ஏலத்தில் அதுவரை கிடைத்திராத விலை.

மறுநாள் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். படத்தில் ஆள் இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. தலைப்புக்கூட இல்லை. எங்கள் ஆபீசில் டீ நேரம் முழுவதும் இதே பேச்சுதான். குழந்தையிடம் வர்ணத்தைக் கொடுத்தால் இப்படிப் பூசிவிடாதா என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஓவியத்தைத் தீட்டியவர் வாசுதேவ் சாந்து காய்தோண்டே. ஏலம் நடந்தபோது அவர் மறைந்து 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்தக் கோடிகளில் ஒரு காசுகூட அவர் கைக்கு வந்ததில்லை. அவர் வளர்ந்த வீடோ நம்மில் பலர் தினமும் மின்சார ரயிலில் கடந்து போகிற சர்னி ரோடு ஸ்டேஷனுக்குப் பக்கத்திலே, கிர்காவ் பகுதியில் இருந்த ஒரு சால். இந்த விவரம் தெரிந்த பிறகுதான் அவர் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

சாலில் ஒரு பிள்ளை

காய்தோண்டே 1924-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதி நாகபுரியில் பிறந்தார். பெற்றோர் கோவாக்காரர்கள். பிழைப்பைத் தேடி வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் போல அவர்கள் குடும்பமும் பம்பாய்க்கு வந்து கிர்காவில் குடியேறியது.

சால் வாழ்க்கையைப் பற்றி நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட தாழ்வாரம், வரிசையாக அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் கேட்கும். விடிந்தது முதல் இரவு வரை சத்தம் ஓயாது. பிற்காலத்தில் மவுனத்தையே தன் தொழிலுக்கு முதலாக வைத்துக்கொண்ட மனிதர் அந்தச் சத்தத்தின் நடுவிலிருந்துதான் வந்தார்.

பிள்ளை ஓவியம் படிப்பதில் தந்தைக்கு விருப்பமில்லை. படம் வரைந்து சோறு தின்ன முடியுமா என்பது அந்தக் காலத்துத் தகப்பன்மாரின் கேள்வி. இந்தக் காலத்திலும் அது மாறவில்லை. ஆயினும் மகன் பின்வாங்கவில்லை. வி.டி. ஸ்டேஷனுக்கு அருகில் உள்ள ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்து 1948-இல் டிப்ளமா பெற்றார்.

ஆரம்பத்தில் அவரும் ஆட்களைத்தான் வரைந்தார். நம் நாட்டுப் பழைய சிற்றோவியங்களில் உள்ள கோட்டையும் தட்டையான வர்ணத்தையும் நுட்பமாகக் கற்றார். 1947-இல் சூசா, ராஜா, ஹுசேன், ஆரா, காடே, பாக்ரே ஆகிய ஆறு பேர் சேர்ந்து பம்பாயில் முற்போக்கு ஓவியர் குழு ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். சில ஆண்டுகளில் காய்தோண்டேயும் அதில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். 1957-இல் தோக்கியோவில் நடந்த ஆசிய இளம் ஓவியர் கண்காட்சியில் பரிசு பெற்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் மனத்தைப் பிடித்தவர் பால் கிளே என்னும் சுவிட்சர்லாந்து ஓவியர். கிளே இசைக் குடும்பத்தில் பிறந்தவர். வயலின் நன்றாக வாசிப்பார். ராகத்தை ஸ்வரம் ஸ்வரமாகக் கட்டுவதுபோல வர்ணத்தைக் கட்டம் கட்டமாகக் கட்டியவர். கிளேயின் படங்களைப் பார்க்கப் பார்க்கக் காய்தோண்டேயின் படங்களிலிருந்து மனித உருவம் மெல்ல மெல்ல நழுவிற்று. முதலில் முகம் போயிற்று; பிறகு உடல் வெறும் கோடாயிற்று; கடைசியில் கோடும் கரைந்து வர்ணம் மட்டும் நின்றது.

கடலோரத்தில் ஓர் ஒதுக்கிடம்

செங்கோட்டையில் நேதாஜியின் ஐ.என்.ஏ. வீரர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் பூலாபாய் தேசாய் பெயரை நம்மவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வார்டன் ரோட்டுக்கு இன்று அவர் பெயர்தான். அவர் மறைவுக்குப் பின் கடலோரத்தில் இருந்த அவருடைய பங்களா பூலாபாய் நினைவு நிலையமாக மாறிக் கலைஞர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. நாளைக்கு ஒரு ரூபாய் வாடகை கொடுத்தால் ஓவியருக்கு வேலை செய்ய இடம் கிடைத்தது.

ஹுசேன் அங்கே இருந்தார். தைப் மேத்தா, நஸ்ரீன் முகமதி போன்றவர்கள் இருந்தார்கள். மாடியில் அல்காஜியின் நாடகக் குழு ஒத்திகை பார்க்கும். பண்டிட் ரவிசங்கரின் கின்னரா இசைப் பள்ளியும் அதே வளாகத்தில் நடந்தது. ஒரு பக்கம் சிதார், ஒரு பக்கம் நாடக வசனம், எதிரே அரபிக் கடல். இத்தனைக்கும் நடுவே காய்தோண்டேக்கு ஒரு சின்ன ஒதுக்கிடம்.

அவருக்கு இசை என்றால் உயிர். இந்துஸ்தானி சங்கீதமும் கேட்பார். ஐரோப்பிய சாஸ்திரீய சங்கீதமும் கேட்பார். கேட்டதைப் படமாக வரைந்தவர் அல்ல அவர். சிதாரை வரையவில்லை, பாடகரை வரையவில்லை. இசை எப்படி வேலை செய்கிறதோ அப்படிப் படமும் வேலை செய்ய வேண்டும் என்று விரும்பினார்.

இதை நம் வழியில் யோசித்துப் பார்த்தால் விளங்கும். ஊர்க் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ராத்திரியில் தோடி ஆலாபனை செய்கிறார். அதிலே ஒரு வார்த்தை கிடையாது. இதற்கு என்ன அர்த்தம் என்று நாம் யாரும் கேட்பதில்லை. தெரு முனையில் நின்று கேட்கிறோம், நெஞ்சு நிறைந்துபோகிறது. சண்முகானந்தா மண்டபத்தில் தம்பூராவின் சுருதி பின்னால் ஓடிக்கொண்டே இருக்க, பாடுகிறவர் ஒரு ஸ்வரத்தைத் தொட்டு, நிறுத்தி, விட்டு, மறுபடி தொடுகிறார். அந்த இடைவெளியும் ராகத்தில் சேர்ந்ததுதான். காய்தோண்டேயின் படத்தில் அடியில் பரவி நிற்கும் ஒற்றை வர்ணம் அந்தச் சுருதி. அதன் மேலே அங்கங்கே தோன்றி மறையும் சிறு வடிவங்கள் ஸ்வரங்கள். வார்த்தையில்லாத ஆலாபனையை ஏற்றுக்கொள்கிற நாம், ஆளில்லாத படத்தைக் கண்டு மட்டும் ஏன் கோபப்பட வேண்டும்?

தியானம் ஜென் ஆன கதை

1959-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காய்தோண்டேயின் கவனம் ஜென் பௌத்தத்தின் பக்கம் திரும்பியது. ஜென் என்பது நமக்கு அன்னியமான சொல் அல்ல. வடமொழித் தியானம் சீனத்திலே சான் ஆயிற்று. ஜப்பானிலே ஜென் ஆயிற்று. அந்தத் தியான மார்க்கத்தைச் சீனத்துக்குக் கொண்டுபோனவர் தென்னாட்டிலிருந்து சென்ற போதி தருமர் என்பது பௌத்த மரபு. அவர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டவர் என்பது நம் நாட்டில் வழங்கும் செய்தி.

காய்தோண்டே மடத்தில் சேரவில்லை. மொட்டையடித்துக் காவி கட்டவுமில்லை. புத்தகங்கள் மூலமாக அறிந்துகொண்டதைத் தன் வேலையிலே கடைப்பிடித்தார். உள்ளதை உள்ளபடி காண்பது, அதற்குப் பெயர் சூட்ட அவசரப்படாமல் இருப்பது, தன்னை முன்னிறுத்தாமல் இருப்பது. இந்த மூன்றையும்தான் அவர் ஜென் நெறியிலிருந்து எடுத்துக்கொண்டார் என்று அவர் படங்களைப் பார்க்கிறபோது எனக்குத் தோன்றுகிறது. படங்களுக்குத் தலைப்பு வைப்பதைப் பெரும்பாலும் விட்டதும் இதனோடு சேர்ந்ததே. தலைப்பு வைத்தால் பார்க்கிறவன் படத்தை விட்டுவிட்டுத் தலைப்பைத் தேடுவான் அல்லவா?

நம் திருவண்ணாமலை ரமண மகரிஷியிடமும் அவருக்கு ஈடுபாடு உண்டு. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையிலும், கிர்காவை அடுத்த கேத்வாடியில் பீடிக் கடை நடத்திக்கொண்டே ஞானம் போதித்த நிசர்கதத்த மகராஜிடமும் ஈடுபாடு உண்டு. பேசாமல் இருந்தே போதித்தவர் என்று ரமணரைச் சொல்வார்கள். வர்ணத்தில் அந்த வழியைப் பிடித்தவர் காய்தோண்டே என்று சொல்லலாம்.

அவர் வேலை செய்த விதம்

குழந்தைகூடப் பூசிவிடும் என்று சொன்ன எங்களுக்கு அவர் வேலை செய்த விதம்தான் சரியான பதில்.

ஒரு படம் தொடங்குமுன் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சோம்பேறி போலத் தெரியும். மனத்திலே படம் கனிகிற வரை கான்வாஸைத் தொடமாட்டார்.

பிறகு வேலை. 1960-களின் தொடக்கத்திலேயே தூரிகையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டார். அச்சகத்தில் மை தடவுவார்களே, அதுபோன்ற உருளையும், வர்ணம் வழிக்கும் தட்டைக் கத்தியும்தான் அவருடைய கருவிகள். தைல வர்ணத்தைக் கான்வாஸில் இட்டு உருளையால் பரப்புவார். கத்தியால் வழிப்பார். காய்ந்த பிறகு அதன் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. அதையும் அங்கங்கே வழித்தெடுப்பார். கிழித்த காகிதத் துண்டுகளை ஈர வர்ணத்தில் ஒற்றி எடுப்பதும் உண்டு. ஒற்றிய இடத்தில் எழுத்து போலவும் எழுத்தல்லாதது போலவும் ஒரு தடம் நிற்கும். பாறையில் தேய்ந்துபோன பழங்கல்வெட்டை உற்றுப் பார்க்கிறபோது ஏற்படுமே, படித்துவிடலாம் போலவும் படிக்க முடியாதது போலவும் ஒரு நிலை, அதுதான் அங்கே.

பூசியதைவிட எடுத்தது அதிகம். அடியிலே உள்ள வர்ணம் மேல் பூச்சின் வழியே கசிந்து தெரிவதால் படத்துக்குள் விளக்கு எரிவதுபோல இருக்கும். சமையல் தெரிந்தவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். அடுப்பைச் சிறிதாக வைத்துக் கிளறாமல் காத்திருந்தால்தான் சில பண்டங்கள் பதத்துக்கு வரும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

இப்படி வேலை செய்ததால் ஆண்டுக்கு ஐந்தாறு படங்கள்தான் முடித்தார். ஒன்று சரியில்லை என்று தோன்றினால் வெளியே விடமாட்டார். ஆர்டருக்கு வரைந்து தள்ளியிருந்தால் வசதியாக இருந்திருக்கலாம். அவர் செய்யவில்லை.

நியூயார்க் போய்வந்தார்

1963-இல் மோரிஸ் கிரேவ்ஸ் என்னும் அமெரிக்க ஓவியர் இந்தியா வந்தார். அவரும் ஜென் நெறியில் நாட்டம் கொண்டவர். காய்தோண்டேயின் படங்களைக் கண்டு வியந்து நியூயார்க்கில் உள்ள தம் ஓவியக்கூடத்தாருக்கு எழுதினார். 1964-இல் ராக்ஃபெல்லர் நிதியின் உதவித்தொகை பெற்றுக் காய்தோண்டே நியூயார்க் சென்றார். 1965-இல் வில்லார்டு ஓவியக்கூடத்தில் அவர் படங்கள் வைக்கப்பட்டன. மார்க் ராத்கோ போன்ற பெரிய ஓவியர்களின் படைப்புகளை நேரில் கண்டார்.

அங்கே பார்த்துத்தான் இந்த முறையைக் கற்றார் என்று சிலர் நினைப்பது தவறு. உருளையும் கத்தியும் பம்பாய்க் கடலோரத்திலேயே அவர் கைக்கு வந்துவிட்டவை. அமெரிக்காவிலேயே தங்கிவிடவும் இல்லை. திரும்பி வந்து பழையபடி உட்கார்ந்தார். 1971-இல் மத்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

நிஜாமுத்தீனில் ஒற்றை அறை

1972-இல் பம்பாயை விட்டுத் தில்லிக்குப் போனார். நிஜாமுத்தீன் கிழக்கில் ஒரு மொட்டைமாடி அறை, தில்லிக்காரர்கள் சொல்லும் பர்சாத்தி, அவர் இருப்பிடமாயிற்று. கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் போய் நிற்கிற ஹஜ்ரத் நிஜாமுத்தீன் ஸ்டேஷன் அதற்கு வெகு அருகில். நம் ஜனங்கள் டிரங்குப் பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக அங்கே இறங்கிய நாட்களில், சற்றுத் தள்ளி ஒரு மாடி அறையில் இவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சாமான்கள் சொற்பம். நண்பர்கள் சிலரே. பம்பாயில் இருந்த உறவினரோடு தொடர்பும் அற்றுப்போயிற்று.

இந்த இடத்தில் எனக்கு மனம் ஒட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். மாதம் பிறந்தால் ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டு, அம்மாவின் போனுக்குக் காத்திருக்கிறவன் நான். நம்மில் பெரும்பாலோர் அப்படித்தான். கூடப் பிறந்தவர்களை விட்டு விலகி அடைந்த மவுனம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், மறுபக்கத்தில் காத்திருந்தவர்களுக்கு அது வெறும் மவுனமாகத்தானே இருந்திருக்கும்? அந்தக் கணக்கை நேர் செய்ய எனக்குத் தெரியவில்லை. ஆனால் பணத்துக்காகவோ புகழுக்காகவோ அவர் விலகவில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த இரண்டும் அவருடைய அறைக்குள் அதிகம் வரவில்லை.

1984-இல் தில்லியில் ஆட்டோரிக்ஷா விபத்தில் சிக்கிப் பலத்த காயமடைந்தார். பெரிய கான்வாஸின் முன் நின்று உருளை ஓட்டும் வலு உடம்பில் இல்லாமல் போயிற்று. அறுபது வயது, தனி ஆள். கையில் இருந்த ஒரே தொழில் போய்விட்ட நிலை. வேறொருவராக இருந்தால் இடிந்து போயிருப்பார். அவர் சின்னச் சின்னக் காகிதங்களை எடுத்து மையினால் வரையத் தொடங்கினார். கறுப்புக் கோடுகள், படிக்க முடியாத எழுத்துகள். பெரிய கச்சேரி செய்ய முடியாதபோது தனக்குள் முணுமுணுத்துப் பாடுவது போன்ற படங்கள் அவை.

சில ஆண்டுகள் கழித்து மறுபடி கான்வாஸுக்கு வந்தார். மத்தியப் பிரதேச அரசின் காளிதாஸ் சம்மான் அந்தக் காலத்தில்தான் கிடைத்தது. 1995-இல், எழுபது வயதுக்குப் பிறகு, அவர் தீட்டிய ஒரு படம் 2015-இல் மும்பை ஏலத்தில் 29 கோடியே 30 லட்சம் ரூபாய்க்குப் போயிற்று. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் அவர் படங்களின் விலை இன்னும் மேலே ஏறியது.

1990-களின் இறுதியில் வரைவதை நிறுத்திக்கொண்டார். மனத்துக்குள்ளேயே படம் முடிந்துவிடுகிறபோது கான்வாஸ் எதற்கு என்ற நிலைக்கு வந்துவிட்டார் என்று அவரை அறிந்தவர்கள் கூறுகிறார்கள். 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் காலமானார்.

2014 அக்டோபர் முதல் 2015 பிப்ரவரி வரை நியூயார்க்கில் உள்ள குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் ஓவியங்களைத் திரட்டிக் கண்காட்சி நடத்தியது. கிர்காவ் சாலில் வளர்ந்த பிள்ளையின் படங்களைக் காண உலகத்தார் வந்தார்கள்.

ஜெய்ப்பூர் ஹவுஸில் ஒரு பிற்பகல்

போன வருஷம் ஒரு வேலையாகத் தில்லி போயிருந்தேன். திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. இந்தியா கேட்டுக்குப் பக்கத்தில் ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன ஓவியக்கூடத்துக்குள் நுழைந்தேன். காய்தோண்டேயின் படம் ஒன்றின் முன்னால் நின்றேன்.

முதல் ஐந்து நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை. பழைய சுவர் போல இருந்தது. நகர்ந்துவிடலாம் என்று நினைத்தபோது, அடியிலிருந்து ஒரு வெளிச்சம் மெல்ல மேலே வருவதுபோலத் தோன்றியது. நடுவில் இருந்த சிறு வடிவம் மிதப்பதுபோல இருந்தது. எங்கள் ஊரில் மழை விட்ட பிறகு, ஏரிக்கரையில் பொழுது சாயும் வேளை நினைவுக்கு வந்தது. படத்தில் ஏரி இல்லை, கரையும் இல்லை. எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. காவலாளி இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கவுண்டரில் உட்கார்ந்து நாள் முழுவதும் அவசரப்படுகிற ஜனங்களைப் பார்க்கிறவன் நான், நானும் அவசரப்படுகிறவன். ஒரு மனிதர் மாதக்கணக்கில் காத்திருந்து செய்த ஒன்றின் முன்னால் கால் மணி நேரம் நிற்க எனக்குப் பொறுமை வந்ததே, அதுவே அவர் எனக்குச் செய்த உபகாரம் என்று நினைக்கிறேன்.

தில்லி போகிற நம் அன்பர்கள் குதுப்மினாரும் செங்கோட்டையும் பார்க்கிறார்கள். நிஜாமுத்தீனில் வண்டி ஏற ஒரு மணி நேரம் மிச்சமிருந்தால் ஜெய்ப்பூர் ஹவுஸுக்கும் போய்வாருங்கள். அவர் படம் மாட்டியிருந்தால் அர்த்தம் தேடாமல், விலையையும் மறந்துவிட்டு, ராகம் கேட்பதுபோலச் சற்று நில்லுங்கள்.